பால் வடியாத வேலி

அன்று என் வீட்டு வளவில் இருந்தவர்கள்: ஊர் இன்னும் விதானையார் என்றே அழைத்த கிராமசேவகர், அண்ணன் முறையில் நான் காக்கா என்று அழைக்கும் பக்கத்து வளவுக்காரர், வேலிக்கு அந்தப் பக்கம் அவருடைய மனைவியான ராத்தா, என் மாமி, நான். சாக்கின்மேல் கிடந்த செத்த ஆட்டையும் சேர்த்தால் ஆறு. என் கணவர் கருவாட்டு லொறியோடு கண்டிக்குப் போயிருந்தார்.

அந்த லொறிதான் எனக்கு வேலியைக் கொண்டுவந்தது. மூன்று வருடத்துக்கு முன், மலைநாட்டு றோட்டோரத்தில் அவர் வெட்டி வந்த ஒரு கட்டுத் தடி. நட்டேன். விரல் விரித்தாற்போல இலை, ஆளுயரத்தில் மஞ்சள் பூ. குறிஞ்சாக்கேணிக் கிணறுகள் உவர்த்து, கத்தரியும் மிளகாயும் கருகிய வருடத்திலும் அது சாகவில்லை. இலையைத் தொங்கப்போட்டு நிற்கும். ஒரு மழை விழுந்தால் நிமிரும். வருடா வருடம் தென்னங்கிடுகு வாங்கி அடைக்கும் செலவு நின்றது. ஆனால் அதற்கு எங்கள் ஊரில் பெயர் கிடையாது. பெயரில்லாத செடியின்மேல் எந்தப் பழியையும் போடலாம் என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

"அலரி! மஞ்சள் அலரி! ஆட்டுட வாயில மஞ்சப் பூ இரிக்கி, பாருங்க விதானையார்!" என்றார் காக்கா. விடிந்ததும் கத்தியோடு வந்து என் வேலியில் ஆறு மரத்தை அடியோடு தறித்திருந்தார். தன் ஆடு என் வேலியைத் தின்றுதான் செத்தது, மிச்சத்தையும் நான் பிடுங்க வேண்டும், ஆட்டுக்கு எண்பது ரூபாய் தர வேண்டும் என்பது அவருடைய வழக்கு. எண்பது ரூபாய்க்கு விற்க என்னிடம் இருந்தது தையல் மெஷின் ஒன்றுதான்.

நான் எல்லாவற்றுக்கும் பயப்படுகிறவள். காற்றுக் கொஞ்சம் பலமாக அடித்தால் லொறி கவிழ்ந்திருக்குமோ என்று நினைப்பேன்.

"குடுத்துத் தொலைச்சிரு புள்ள, என்னத்துக்கு வம்பு?" என்றார் மாமி, என் காதுக்குள். அதுதான் சரியென்று எனக்கும் பட்டது. காக்கா வாயை மூடிக்கொண்டிருந்தால் கொடுத்தும் இருப்பேன்.

"அஞ்சாம் வகுப்போட நிண்ட பொம்புளைக்கு மரம் தெரியுமா, மட்டை தெரியுமா?" என்றார்.

ஓம், ஐந்தாம் வகுப்போடு என்னை நிறுத்திவிட்டார்கள்தான். ஆனால் அந்தப் பூவைத் தையல் ஊசியால் பிரித்துப் பிரித்துப் பார்த்தவள் நான்.

"இது சூரியகாந்திச் சாதி, காக்கா," என்றேன். ஒரு கொப்பை முறித்து விதானையாரிடம் நீட்டினேன். "அலரி எண்டா பால் வடியும். இதுல வடியுதா?"

வடியவில்லை. ஒரு பூவைப் பிய்த்து அவர் உள்ளங்கையில் போட்டேன்.

"நடுவுல இரிக்கிறது ஒரு பூ இல்ல, ஊசி முனையளவுல நூறு பூ. அலரி அப்படியில்ல, புனல் மாதிரி ஒத்தைப் பூ. ஆட்டுட வாயில இரிக்கிறத எடுத்துப் பாருங்க."

விதானையார் மூக்கைப் பொத்திக்கொண்டு குச்சியால் கிளறினார். வெளியே வந்தது கசங்கிய ஒரு புனல்.

"அலரி ஒங்கட கிணத்தடியிலதானே நிக்குது?" என்று காக்காவைக் கேட்டார்.

"அது பத்து வருஷமா நிக்குது. ஆடு மோந்தும் பாக்காது!"

வேலிக்கு அப்பாலிருந்து ராத்தாவின் குரல் வந்தது. "பச்சையில மோந்து பாக்காதுதான். முந்தநாள் நீங்க வெட்டிப் போட்ட கொப்பு வாடிக் கிடந்திச்சே, அதையும் இவவா தின்னக் குடுத்த?"

"நீ உள்ளுக்குப் போ!"

"நான் உள்ளுக்குத்தான் நிக்கிறன்."

மாமி சிரித்தேவிட்டார்.

அதோடு விட்டிருக்கலாம். எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை. என் வேலியில் ஓர் இலையைப் பிடுங்கி, எல்லோரும் பார்க்க மென்று விழுங்கினேன். வேம்பு தோற்றுப்போகும் கசப்பு. "நாளைக்கும் வந்து பாருங்க. இரிப்பன்!" என்றேன். பிறகு பின்னேரம் அஸர் தொழுகை வரைக்கும் என் நாடியை நானே பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தது வேறு கதை.

தறித்த மரமொன்றுக்கு மூன்று ரூபாய்ப்படி பதினெட்டு ரூபாய் காக்கா எனக்குத் தரவேண்டும் என்று விதானையார் தீர்த்தார். காக்கா பத்து ரூபாய் தந்தார். அடுத்த மழைக்கு ஆறு மரமும் அடியிலிருந்து தளிர்த்தன.

"அதுதான் முளைச்சிட்டே தங்கச்சி, இனி என்ன காசு?" என்றார்.

அடுத்த கோடையில் தன் வேலிக்கும் தடி கேட்டு வந்தார். ஒரு கட்டுத் தடி சும்மாதான் கொடுத்தேன். ஆனால் முளைத்தது மரத்தின் கெட்டித்தனம், அவருடையது இல்லை. அவர் எனக்குத் தரவேண்டியது இன்னும் எட்டு ரூபாய்.