சுண்ணாம்பில் கீறிய வீடு

எங்கள் அப்பாவைப் பொறுத்தவரை வீடு என்பது வருகிற ஆட்களுக்காக இருப்பது. அதில் நாங்கள் மூன்று பேர் குடியிருந்தது, ஒரு கூட்டம் போய் அடுத்த கூட்டம் வரும்வரை அதைக் கூட்டித் துடைத்து வைத்திருப்பதற்காகத்தான் என்று எனக்குச் சின்ன வயதில் ஒரு எண்ணம் இருந்தது.

அப்போது கொழும்பு வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடலை நோக்கி இறங்கும் ஒழுங்கை ஒன்றில், மாடிக் கட்டடமொன்றின் இரண்டாம் தளத்தில் வாடகைக்கு இருந்தோம். இரண்டு அறை, ஒரு சின்ன ஹோல், ஒருவர் உள்ளே நின்று சமைத்தால் மற்றவர் வெளியே நிற்கவேண்டிய குசினி. யுத்தம் முடிந்து இரண்டொரு வருடம் ஆகியிருந்தது. விசா நேர்முகத்துக்கு யாழ்ப்பாணத்திலிருந்து வருகிறவர்கள், கண் ஒப்பரேஷனுக்கு வருகிறவர்கள், வெளிநாட்டிலிருந்து இறங்கி ஊருக்குப் போகுமுன் இரண்டு நாள் களைப்பாறுகிறவர்கள் என்று எங்கள் வாசலில் எப்போதும் எட்டுப் பத்துச் சோடிச் செருப்புக் கிடக்கும். எனக்குப் பத்து வயது. எந்தச் செருப்பு எந்த ஊரிலிருந்து வந்தது என்று பார்த்தவுடனே சொல்லிவிடுவேன்.

ஒவ்வொரு கூட்டமும் போனபின் அப்பாவுக்கு ஒரு வருத்தம் வரும். “பாவங்கள், பாத்ரூமுக்கு லைனில நிண்டதுகள்” என்பார். “அந்த மனிசி முழங்காலைப் பிடிச்சுக்கொண்டு நிலத்தில இருந்ததைப் பாத்தனீரே?” என்று அம்மாவைக் கேட்பார். அம்மா பார்த்திருக்கமாட்டார். அந்த நேரத்தில் அவர் அந்த மனிசிக்குச் சோறு வடித்துக்கொண்டிருந்திருப்பார்.

இந்த வருத்தங்கள் எல்லாம் சேர்ந்துதான் ஒருநாள் காணியாயின. நுகேகொடைக்கும் அப்பால், ஹைலெவல் வீதியிலிருந்து ஒரு பாதை வளைந்து உள்ளே போகும் இடத்தில், பத்துப் பேர்ச்சஸ் நிலம். இரண்டு கமுகும் ஒரு கொய்யாவும் நின்றன.

அன்றிலிருந்து வேலை முடிந்து வந்ததும் அப்பா சாப்பாட்டு மேசையில் என்னுடைய கணிதக் கொப்பியை விரித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். என் அடிமட்டம், என் பென்சில், ஸ்ட்ரோபெரிப் பழம் மாதிரி இருந்த என் அழிரப்பர் எல்லாம் அவர் கைக்குப் போயின. பெட்டி பெட்டியாக இருந்த அந்தத் தாள்களில் அவர் எங்கள் வீட்டைக் கீறினார். முன்பக்கத்தில், தனி வாசலோடு வருகிறவர்களுக்கு ஓர் அறை. அவர்கள் ஒருவரையும் எழுப்பாமல் வரலாம், போகலாம். அதற்குள்ளேயே குளியலறை, அதில் வயது போனவர்கள் பிடித்து எழும்ப ஒரு கம்பி. கட்டிலுக்குக் கட்டில் போன் சார்ஜ் போட ஒரு பிளக். முப்பது பேர் இருக்கக்கூடிய ஹோல். சாப்பிட்ட கையோடு வரிசையில் நிற்காமலிருக்க இரண்டு பைப் வைத்த பேசின். செருப்புக்குக்கூட ஓர் இடம் இருந்தது. எங்கள் மூன்று பேருக்கும் பின்னால் ஓரிடத்தில் அறைகள் இருந்தன என்று நினைக்கிறேன்.

குசினியில் அப்பாவுக்குத் தனிப் பெருமை. ஹோலுக்கும் குசினிக்கும் நடுவில் கூரை வரைக்கும் ஒரே சுவர். குசினியின் கதவு பின்பக்க ஓடையில், சுவர்களுக்கு நடுவே போகும் ஒடுங்கிய நடைவழியில், திறக்கும். அந்த ஓடை ஸ்டோர் அறையைத் தாண்டி, எங்கள் அறைகளைத் தாண்டி, வளைந்து ஹோலுக்கு வரும்.

“வாற ஆக்களுக்குப் பொரிக்கிற மணம் வராது. சட்டி பானை கண்ணில படாது” என்றார் அப்பா.

தேத்தண்ணி கொண்டுவந்து வைத்த அம்மா குனிந்து பார்த்தார். “வடிவாத்தான் இருக்கு” என்றுவிட்டு உள்ளே போனார்.

அந்த ஆவணி மாதம்தான் மாமா வந்தார். அம்மாவின் ஒரே தம்பி. பன்னிரண்டு வருடம் கழித்துக் கனடாவிலிருந்து வருகிறார். அவர் போகும்போது நான் பிறக்கவுமில்லை. பத்து நாள்தான் லீவு. அவரைப் பார்க்கவென்று கொட்டாஞ்சேனையிலிருந்தும் வத்தளையிலிருந்தும் ஊரிலிருந்தும் ஆட்கள் வந்தபடி இருந்தார்கள். மாமா ஹோலில் நடுவில் இருந்தார். அம்மா குசினியில் இருந்தார். “அக்கா, வந்து கொஞ்சம் இரன்” என்று மாமா கூப்பிடுவார். “வாறன், வாறன், இந்த மீனை இறக்கிப்போட்டு வாறன்” என்று பதில் வரும். மீன் இறங்கினால் அடுப்பில் வேறொன்று ஏறும்.

மாமா போக மூன்று நாள் இருக்கும்போது அப்பாவுக்கு ஒரு யோசனை வந்தது.

“இவன் இனி எப்ப வருவானோ? எங்கட வீட்டைப் பாத்திட்டுப் போகட்டும். ஞாயிற்றுக்கிழமை எல்லாருக்கும் அங்கதான் மத்தியானச் சாப்பாடு.”

“வீடே இல்லையேப்பா” என்றார் அம்மா.

“இருக்கு. நான் காட்டுறன்.”

சனிக்கிழமை முழுக்க அப்பாவும் ஒரு மேசன் பாஸும் நானும் காணியில் நின்றோம். கொப்பியில் இருந்த வீட்டை அளந்து, முளை அடித்து, நூல் கட்டி, நூலின் கீழே சுண்ணாம்புத் தூளைக் கோடாகத் தூவினோம். கதவு வரும் இடங்களில் கோடு போடாமல் இடைவெளி விட்டோம். நான் கார்ட்போட் மட்டைகளில் ‘ஹோல்’, ‘குசினி’, ‘விருந்தினர் அறை’ என்று எழுதிக் குச்சியில் குத்தி நட்டேன். மேலே ஒரு நீலத் தறப்பாள் கட்டினோம். தள்ளி நின்று பார்த்தபோது எனக்கு அது உண்மையாகவே வீடாகத்தான் தெரிந்தது.

ஞாயிறு ஒரு வான் வண்டியில் பதினெட்டுப் பேர் வந்து இறங்கினார்கள். சோறும் கறியும் வெள்ளவத்தையிலிருந்தே சமைத்து வந்தன. ஆனால் வடையும் அப்பளமும் சூடாகப் பொரிக்கவேண்டும் என்று அப்பா சொல்லி, காஸ் அடுப்பைக் கொண்டுவந்து குசினிக் கோட்டுக்குள் வைத்திருந்தார். எனக்கும் அன்று ஒரு பதவி கிடைத்தது.

“ஆரும் சுவருக்குள்ளால நடக்காமப் பாக்கிறது உம்மட வேலை” என்றார் அப்பா.

கொய்யாத் தடி ஒன்றை முறித்துக் கையில் வைத்துக்கொண்டேன். மாமா வாசலில் நின்று வெறும் காற்றில் டொக் டொக் என்று தட்டி, “வீட்டில ஆக்கள் இருக்கிறியளோ?” என்று கேட்டார். நான் கதவைத் திறப்பதுபோல் கையைக் காட்டினேன். அப்பாவின் அக்கா, நான் பெரியமாமி என்று கூப்பிடுகிறவர், விருந்தினர் குளியலறைக் கோட்டுக்குள் நின்று ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்து, “எனக்கு இந்த இடம் காணாது” என்றார். ஒருவர் வேண்டுமென்றே சுவருக்குள்ளால் வந்து என்னிடம் அடி வாங்கினார். அப்பா அறை அறையாக எல்லோரையும் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினார். அவர் அன்று சந்தோஷப்பட்ட மாதிரி, பிறகு உண்மையான வீட்டில்கூட நான் கண்டதில்லை.

ஹோலில் வாடகைக் கதிரைகள் நிறைந்தன. குசினிக் கோடு மாமாவின் கதிரையிலிருந்து இரண்டு முழத் தூரத்தில்தான் இருந்தது. கோட்டுக்கு அந்தப் பக்கம் அம்மா குந்திக்கொண்டிருந்து வடை தட்டிப் போட்டார். ஒவ்வொரு தட்டும் பொரிந்ததும் அதை எடுத்துக்கொண்டு ஓடையால் நடந்து, ஸ்டோரைத் தாண்டி, எங்கள் அறைகளைத் தாண்டி, வளைந்து ஹோலுக்கு வந்து வைத்துவிட்டு, வந்த வழியே திரும்பினார். நான் தடியோடு கவனித்துக்கொண்டிருந்தேன். அம்மா ஒருமுறைகூடப் பிழை விடவில்லை.

அப்போதுதான் மாமா ஒரு கதை தொடங்கினார். பெற்றோல் இல்லாத காலத்தில் அக்காவும் தம்பியும் ஒரே சைக்கிளில் ரியூஷனுக்குப் போனது, மதகடியில் பிரேக் பிடிக்காமல் இரண்டு பேரும் வாய்க்காலுக்குள் விழுந்தது.

“அக்கா அழுதுகொண்டு நிண்டவ. நான்தான் சைக்கிளையும் இழுத்தெடுத்து, அக்காவையும் தேத்திக் கூட்டிக்கொண்டு போனனான்.”

“பொய்!” என்று குசினிக்குள் இருந்து ஒரு குரல் வந்தது. அம்மாவுக்கு அப்படி ஒரு குரல் இருப்பது எனக்கு அன்றுவரை தெரியாது. “பச்சைப் பொய்! அழுதது நீ! சேட்டு கிழிஞ்சதுக்கு அம்மா அடிப்பா எண்டு நீதானே அழுதனீ!”

கையில் எண்ணெய் வடியும் கரண்டியோடு அம்மா எழும்பி நேரே மாமாவை நோக்கி வந்தார். முகம் முழுக்கச் சிரிப்பு. சின்னப் பிள்ளை மாதிரி இருந்தார். ஒரு கால் கோட்டைத் தாண்டி ஹோலுக்குள் வந்துவிட்டது.

“அம்மா! அது சுவர்!” என்று கத்தினேன்.

எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அம்மா அப்படியே நின்றார். குனிந்து, சுண்ணாம்பு ஒட்டியிருந்த தன் காலைப் பார்த்தார். பிறகு அதைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். கரண்டியோடு திரும்பி, ஓடையால், ஸ்டோரைத் தாண்டி, எங்கள் அறைகளைத் தாண்டி, வளைந்து வந்தார். அவர் வந்து சேர்ந்தபோது யாரோ கனடாக் குளிரைப் பற்றிக் கேட்டிருந்தார்கள். மாமா போனில் பனிப் படங்களைக் காட்டிக்கொண்டிருந்தார். எல்லாத் தலையும் அந்தப் போனின் மேல் குனிந்திருந்தது.

“பிறகு சைக்கிளுக்கு நடந்ததைச் சொன்னவனே?” என்று அம்மா கேட்டார். ஒருவரும் கேட்கவில்லை. அடுப்பில் வடை கருகுகிற மணம் வந்தது. அம்மா போய்விட்டார், கதவு வழியாகத்தான்.

“பாத்தியளே, என்ர மகளிட்ட ஒருத்தரும் தப்பேலாது” என்று அப்பா என் தலையைத் தடவினார். அன்று முழுவதும் எனக்குத் தரை தெரியவில்லை.

மாமா போய் இரண்டு கிழமையில் பிளான் கீறுகிறவர் வந்தார். மருதானையில் ஓர் ஒஃபிஸ் வைத்திருந்த சிங்களவர், மெல்லிய குரல். அப்பாவின் கொப்பி வீட்டை அவர் பெரிய தாளில் சுத்தமாகக் கீறிக்கொண்டு வந்து மேசையில் விரித்தார். அப்பா சிங்களத்தில் ஒவ்வொரு அறையாக விளக்கினார். தேத்தண்ணி கொண்டுவந்த அம்மா வழக்கம்போல உள்ளே போகவில்லை. தாளின் மேல் ஒரு விரலை வைத்தார்.

“மே பித்திய ஓனே நே, மஹத்தயா” என்றார். மீன்காரனோடு பேசிப் பழகிய சிங்களம். இந்தச் சுவர் வேண்டாம் என்கிறார்.

அம்மா சிங்களத்தைப் பிழையாகச் சொல்லிவிட்டார் என்று நினைத்து, “எந்தச் சுவர்?” என்று அப்பா தமிழில் கேட்டார்.

“குசினிச் சுவர்.”

“அது இல்லாட்டி மணம் வருமே.”

“வரட்டும்.”

“சட்டி பானை எல்லாம் தெரியும்.”

“மினுக்கி வைக்கிறன்.”

“என்ன கதை இது? வாற ஆக்கள் குசினியையோ பாக்கிறது?”

“பாக்கட்டும்” என்றார் அம்மா. “நானும் அவையைப் பாக்கவேணும்.”

அப்பா ஏதோ சொல்ல வாயெடுத்தார். அம்மா விடவில்லை. “பன்னிரண்டு வருசத்துக்குப் பிறகு என்ர தம்பி வந்தவன். பத்து நாளும் நான் அவன்ர குரலைத்தான் கேட்டனான். அவன்ர தலையில நரை விழுந்திருக்கெண்டு அவனை அனுப்பப் போன எயார்போட்டிலதான் கண்டனான்.”

எனக்கு அழுகை வரும்போல இருந்தது. அம்மாவுக்காக இல்லை, சுவருக்காக. அதைக் காவல் காத்தவள் நான். “அது இல்லாட்டி அது குசினியே இல்லை அப்பா” என்றேன். ஒருவரும் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை.

“வாறவை வசதியா இருக்கவேணும் எண்டுதானே நான்…” என்றார் அப்பா. குரல் இறங்கியிருந்தது.

“தெரியும். கொட்டாஞ்சேனையில நீங்கள் இருந்த இருப்பைச் சொன்னனீங்கள்தானே” என்றார் அம்மா.

அது எங்கள் வீட்டில் பகிடியாகச் சொல்லப்படுகிற கதை. அப்பா பத்தொன்பது வயதில் கொழும்புக்கு வந்து, ஓர் உறவினர் வீட்டு ஓடையில் எட்டு மாதம் கான்வஸ் கட்டிலில் படுத்தது. எல்லோரும் குளித்து முடிக்கும்வரை துவாயோடு படியில் காத்திருந்தது. வீட்டுக்காரர் நித்திரையால் எழும்பிவிடுவார் என்று செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வெளியே போனது. அப்பா நடித்துக்காட்டுவார், நாங்கள் சிரிப்போம்.

“வாற ஆளைப் பற்றி எல்லாத்தையும் யோசிச்சிருக்கிறியள்” என்றார் அம்மா. விரல் இன்னும் குசினியின் மேல்தான் இருந்தது.

தமிழ் தெரியாத அந்த மனிதர் தேத்தண்ணிக் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்தபடி யன்னலால் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்பா தாளைத் தன் பக்கம் இழுத்தார். பிறகு என் ஸ்ட்ரோபெரி அழிரப்பரை எடுத்து அவரிடம் நீட்டினார்.

சுவர் இடுப்பளவு ஆயிற்று. அதன்மேல் ஒரு கிரனைட் பலகை. வீடு கட்டி முடிய ஒன்றரை வருடம் எடுத்தது. குடிபுகுந்த புதிதில் அப்பா மூக்கைச் சுளித்துக்கொண்டே திரிந்தார். பெரியமாமி, “சாப்பாட்டுக் கடை மாதிரி இருக்கு” என்றார்; ஆனால் வருகிறபோதெல்லாம் அந்த அரைச்சுவரோடு இருந்த கதிரையைத்தான் பிடித்தார். மெல்ல மெல்ல முப்பது பேருக்கான ஹோலின் மறுபாதி வெறுமையாகிவிட்டது. வருகிற எல்லோரும் குசினிப் பக்கம் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டார்கள். அப்பாவும் இழுத்துப் போட்டுக்கொண்டு வெங்காயம் உரித்தார்.

எனக்கு மட்டும் அது பிடிக்கவில்லை. என் பன்னிரண்டாவது பிறந்தநாளுக்குப் பள்ளிச் சிநேகிதிகள் வந்திருந்தார்கள். அம்மா பழைய நைட்டியோடு, வியர்த்த முகத்தோடு, எல்லோருக்கும் தெரியும்படி நின்று கட்லட் பொரித்தார். அதோடு விடவில்லை. எங்கள் கதைக்குள் புகுந்து, அவர்களுடைய டீச்சர்மாரைப் பற்றி விசாரித்து, சத்தம் போட்டுச் சிரித்தார். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. எல்லோரும் போனபின் அம்மாவிடம் போய், அந்த அரைச்சுவருக்கு மேல் ஒரு கர்ட்டின் போடுவோமா என்று கேட்டேன்.

“ஓம் பிள்ளை, தைப்பம்” என்றார் அம்மா.

அந்த வீட்டின் எல்லா யன்னலுக்கும் கர்ட்டின் தைத்தவர் அவர்தான். துணி மிச்சம் இருந்தது. தையல் மெஷின் வீட்டிலேயே இருந்தது. அடுத்த மாதம் கேட்டேன், மறந்துபோனேன் என்றார். அடுத்த வருடம் கேட்டபோதும் மறந்துதான் போயிருந்தார். தீபாவளிக்கு முன் ஒருதரம், நான் ஓ.எல். சோதனை எடுத்த வருடம் ஒருதரம். ஒவ்வொரு முறையும் நாக்கைக் கடித்துக்கொண்டு, “அடக் கடவுளே, திரும்ப மறந்திட்டனே” என்பார். அம்மாவுக்கு ஞாபகசக்தி குறைந்துவருகிறது என்று நான் அப்பாவிடம் கவலையோடு சொன்னேன். அப்பா வெங்காயத்திலிருந்து தலையை நிமிர்த்தாமல், “ஓம், எனக்கும் தெரியும்” என்றார். ஒரு விஷயத்தை ஒருவர் இத்தனை வருடம் இவ்வளவு கவனமாக மறந்துகொண்டே இருக்க முடியும் என்பது அந்த வயதில் எனக்குத் தெரியாது.