ஓரத்தில் நிற்கும் ஆள்

என் சகலை கல்யாணப் படம் எடுப்பவர். என் மனைவியின் தங்கையைக் கட்டியவர். மாமனாருடைய ஸ்டூடியோவில்தான் வேலை, அதற்கு மேலேயுள்ள மாமனார் வீட்டில்தான் குடித்தனம். வீட்டோடு மாப்பிள்ளை, கடையோடும் மாப்பிள்ளை. படி இறங்கினால் மாமனார், ஏறினால் மாமியார். நடுவில் நின்று ஒரு மூச்சு விடலாம் என்றால் அங்கேதான் செருப்பு அலமாரி இருக்கிறது.

நான் பஸ் ஓட்டுபவன். எங்கள் வீட்டுக்கும் மாமனார் வீட்டுக்கும் இடையில் நாலைந்து நிறுத்தம் இருக்கிறது. என் மானம் இதுவரை தப்பித்திருப்பது அதனால்தான்.

சகலை யாரிடமும் முடியாது என்று சொல்லி நான் கேட்டதில்லை. கல்யாண வீட்டில் முறைத்துக்கொண்டு நிற்கும் சித்தப்பாவைக் கெஞ்சிக் கூத்தாடி மேடை ஏற்றுவது அவர்தான். பெண்ணின் அத்தை தன் முகம் குண்டாக விழுந்துவிட்டது என்று சொன்னால், தப்பு காமிராவுடையதுதான் என்று ஒப்புக்கொள்வதும் அவர்தான். கல்யாணம் இல்லாத நாளில் கடையில் பாஸ்போர்ட் படம். "தாடையைக் கொஞ்சம் இறக்குங்க, கண்ணை மூடாதீங்க" என்று சொல்லிச் சொல்லி, வீட்டில் சண்டை நடக்கும்போதுகூட மனைவியை வெளிச்சத்துப் பக்கம் திரும்பச் சொல்கிறாராம். என் கொழுந்தியாள் தலையில் அடித்துக்கொண்டு சொன்னாள்.

அவர் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. குரூப் போட்டோவுக்கு நிறுத்தும்போது, இந்த உறவு நிலைக்குமா என்று சந்தேகம் தட்டுகிற ஆளை ஓரத்தில் நிறுத்திவிடுவார். பின்னால் மனஸ்தாபம் வந்து, இந்த மூஞ்சி வேண்டாம் என்று குடும்பமே கடைக்கு வந்து நின்றாலும் ஓரத்தை நறுக்கிக் கொடுத்துவிடலாம். நடுவில் நிற்பவரை எடுப்பதுதான் தலைவலி. ஒரு தடவை ஒரு அம்மா, விவாகரத்தாகிப் போன மருமகனைப் படத்திலிருந்து எடுத்துத் தரச் சொன்னார். அவனோ நட்டநடுவில், மாமனார் தோளில் கை போட்டுக்கொண்டு நிற்கிறான். சகலை கம்ப்யூட்டரில் உட்கார்ந்து ஆளை எடுத்துவிட்டார், கையை மறந்துவிட்டார். அந்த அம்மா படத்தை மாட்டிய பிறகு பார்த்துவிட்டுத் திரும்பக் கொண்டுவந்து, "இது யார் கைப்பா?" என்று கேட்டாராம். அதைச் சொல்லிச் சொல்லி நாங்கள் வயிறு வலிக்கச் சிரித்திருக்கிறோம்.

மாமனாரின் கல்யாண நாளில் வருஷா வருஷம் ஸ்டூடியோவில் குடும்பப் படம் எடுப்போம். சகலைதான் காமிராவை ஸ்டாண்டில் வைத்து, டைமரைத் தட்டிவிட்டு ஓடி வந்து நிற்க வேண்டும். "மாப்பிள்ளை, நீங்க ஓரமா நின்னுக்குங்க, ஓடி வரச் சௌகரியம்" என்பார் மாமனார். நியாயமான பேச்சுதான். ஆனால் ஓரத்துக்கு என்ன அர்த்தம் என்று அந்த வீட்டில் அவரைவிட நன்றாகத் தெரிந்தவர் யார்? மாடிப்படிச் சுவரில் வரிசையாக மாட்டியிருக்கும் எல்லாப் படத்திலும் அவர் ஓரத்தில், காலர் மடங்கி, மூச்சு வாங்கிக்கொண்டு நிற்கிறார். "பாருங்க சகலை, ஒரே வெட்டுதான்" என்பார் விரலைக் கத்தரிக்கோலாக்கி. எனக்குச் சிரிப்பு வராது.

லீவு நாளில் குடும்பத்தோடு ஆற்றோரப் பூங்காவுக்குப் போவோம். அங்கேயும் காமிரா அவர் கழுத்தில்தான். மாமியாரைப் பூச்செடியோடு எடுக்க வேண்டும், பிள்ளைகளை ஊஞ்சலில் எடுக்க வேண்டும். கொஞ்சம் அசந்தால் ஆள் நழுவிவிடுவார். தேடிப் போனால், ஆற்றின் மேலே போகும் இரும்புப் பாலத்துக்கு அடியில் மல்லாந்து படுத்துப் படம் எடுத்துக்கொண்டிருப்பார்.

அப்படி ஒரு நாள் அங்கே வைத்துத்தான் விஷயத்தைச் சொன்னார். அவருடைய நண்பர் பாலங்களைப் பரிசோதிக்கும் கம்பெனியில் இருக்கிறார். ஊர் ஊராகப் போய், பாலங்களில் விரிசல், துரு எல்லாவற்றையும் படம் பிடிக்க ஒரு ஆள் வேண்டும். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலத்துக்குள் பதில் சொல்ல வேண்டும்.

"பாலத்துக்கிட்ட சிரிங்கன்னு கெஞ்ச வேண்டாம் சகலை. கண்ணு மூடிடுச்சு, இன்னொண்ணு எடுங்கன்னு அது கேக்காது" என்றார். அவர் முகத்தில் அப்படி ஒரு களையை நான் அவர் கல்யாணத்தில்கூடப் பார்க்கவில்லை.

"வீட்ல சொல்லிட்டீங்களா?"

"அவகிட்ட சொன்னேன். எனக்குச் சம்மதம், எங்கப்பாகிட்ட நீங்களே பேசிக்குங்கன்னுட்டா."

"அப்ப பேசுங்க. இதுல என்ன தயக்கம்?"

"ஞாயித்துக்கிழமை குடும்பப் படம் எடுக்கறோம்ல, முடிஞ்ச கையோட சொல்லிடறேன். ஓரத்துல நிக்கறவன்தானே சகலை, போனா ஒண்ணும் குறைஞ்சிடாது."

ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் ஸ்டூடியோவில் கூடினோம். சகலை ஸ்டாண்டைப் பிரித்துக்கொண்டிருந்தபோது மாமனார் பையிலிருந்து ஒரு சின்ன டப்பாவை எடுத்து அவர் கையில் வைத்தார். உள்ளே ஒரு ரிமோட்.

"எங்க நின்னாலும் இதை அமுக்கினாப் போதுமாம். இனிமே நீங்க ஓட வேண்டாம் மாப்பிள்ளை."

அதோடு விடவில்லை. தன் நாற்காலியைத் தானே நகர்த்தி, மாமியாரை ஒரு பக்கம் ஒதுக்கி, சகலையைக் கையைப் பிடித்து அழைத்துவந்து நட்டநடுவில் நிறுத்தினார். தானும் பக்கத்தில் நின்று அவர் தோளில் கையைப் போட்டுக்கொண்டார்.

"இத்தனை வருஷமா உங்களை ஓரத்துலயே நிக்க வச்சுட்டேன். மனசு கேக்கலை. இந்தக் கடை, இந்த வீடு எல்லாம் உங்களை நம்பித்தான் இருக்கு."

மாமியார் கண்ணைத் துடைத்துக்கொண்டார். சகலையின் பிள்ளைகள் அவருடைய இரண்டு காலையும் கட்டிக்கொண்டார்கள். என் கொழுந்தியாள் மட்டும் தரையைப் பார்த்தாள். மாமனாருக்குப் பாலம் விஷயம் எதுவும் தெரியாது. அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டுதானே நின்றேன், அதில் பிரியத்தைத் தவிர வேறொன்றும் இல்லை. தெரிந்தே செய்திருந்தால் சகலை சண்டையாவது போட்டிருக்கலாம். எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது, யார் மேல் என்றுதான் தெரியவில்லை. காலியாகக் கிடந்த ஓரத்தில் போய் நின்றுகொண்டேன்.

"என்ன மாப்பிள்ளை, அமுக்கலையா?"

"இதோ மாமா" என்று சொல்லிவிட்டு அமுக்கினார்.

காமிராவில் பார்த்தோம். எல்லாரும் அழகாகச் சிரித்திருந்தோம். சகலை கண்ணை மூடியிருந்தார்.

"இன்னொண்ணு எடுங்க" என்றார் மாமனார். மறுபடியும் நடுவில் நிறுத்தி, மறுபடியும் தோளில் கையைப் போட்டார். இந்தத் தடவை சகலை கண்ணை நன்றாகத் திறந்து வைத்துக்கொண்டு அமுக்கினார்.

சாயங்காலம் நான் கிளம்பும்போது அவர் கடையில் தனியாக இருந்தார். போனில் நண்பரிடம், "வேற ஆளைப் பாத்துக்கடா" என்று சொல்லிவிட்டு வைத்தார். எதிரே கம்ப்யூட்டரில் அந்தக் குடும்பப் படம் பெரிதாகத் தெரிந்தது.

"ஏன் சகலை, நடுவுல நின்னா எடுக்கவே முடியாதா?" என்று கேட்டேன்.

"என்னை எடுத்துடலாம்" என்றார், படத்திலிருந்து கண்ணை எடுக்காமல். "மாமா கையை எங்க வைக்கறது?"