குரல் போன மந்திரவாதி

திருவனந்தபுரம் தம்பானூரில் அடையாள அட்டை அச்சடிக்கும் கடையில் வேலை பார்த்தான் மஹேஷ். நாற்பத்தொரு வயது, நாஞ்சில் நாட்டிலிருந்து வந்த குடும்பம். ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் ஆனால் கரமனையில் நண்பன் வினீத்தின் மாடிக்கு வந்துவிடுவான். நாலு பேர் சாப்பாட்டு மேஜையைச் சுற்றி உட்கார்ந்து, பகடை உருட்டி, வாயாலேயே கதை சொல்லி ஆடும் ஆட்டம். கதையை நடத்துகிறவன் வினீத். அஜீஷ் வாள்வீரன், ஷெமி திருடி, மஹேஷ் மந்திரவாதி. மந்திரத்தைச் சும்மா சொல்ல மாட்டான். மாடியே அதிர முழங்குவான். கீழ்வீட்டுக்காரர் இரண்டு முறை ஏறிவந்து சண்டை போட்டிருக்கிறார்.

போன வருஷம் மஹேஷுக்குத் தொண்டையில் புற்று. குரல்வளையையே எடுத்துவிட்டார்கள்.

மூன்று மாதம் கழித்து, கழுத்துத் துளையைத் துணியால் மறைத்துக்கொண்டு, கையில் நோட்டோடு வந்து தன் நாற்காலியில் உட்கார்ந்தான். அவன் முகத்தைப் பார்க்க யாருக்கும் தெம்பில்லை.

"சாரமில்லடே, மந்திரத்த எழுதிக் காட்டு. அது போதும்," என்றான் வினீத்.

மஹேஷ் எழுதினான்: 'வாய்விட்டுச் சொல்லாத மந்திரம் பலிக்காது. விதி அதுதானே? என் ஆளுக்கும் குரல் போச்சு.'

வினீத் எவ்வளவோ சொல்லிப் பார்த்தான். அவன் கேட்கவில்லை. விதியில் ஒரு வழிதான் மிச்சம். மாயக் கோலுக்குள் மந்திரம் ஏற்கெனவே அடைபட்டிருக்கும். நீட்டினால் போதும், வாய் திறக்க வேண்டாம். ஆனால் மூன்று மாயப் பொருள்களுக்கு மேல் ஒருவன் தன்னோடு பிணைத்துக்கொள்ள முடியாது. அவனிடம் மூன்றும் நிறைந்திருந்தன. அடி தாங்கும் மோதிரத்தைக் கழற்றி ஷெமிக்குக் கொடுத்துவிட்டுக் கோலை எடுத்துக்கொண்டான். அதில் பத்து வீச்சு. செலவானதில் சில, கதையில் பொழுது விடியும்போது திரும்பும். கடைசி வீச்சையும் செலவழித்தால் இருபது முகப் பகடையை உருட்ட வேண்டும். ஒன்று விழுந்தால் கோல் பொடியாகிவிடும்.

ஐந்து மாதம் அப்படியே ஆடினான். எப்போதும் ஒரு வீச்சை மிச்சம் வைப்பான்.

மே மாதக் கடைசியில், நோய் நுரையீரலுக்கும் பரவிவிட்டதாக ஸ்கேனில் தெரிந்தது. அந்த ஞாயிறும் வந்தான். கதையில் பாதாளக் குகை. அஜீஷின் வீரன் குற்றுயிராய்க் கிடந்தான். கோலில் இருந்தது ஒரே வீச்சு.

"வேண்டா சேட்டா, ஞான் வேற ஆளா வந்து ஆடிக்கறேன்," என்றான் அஜீஷ்.

மஹேஷ் வெறுங்கையைக் கோல்போல நீட்டினான். வீரன் பிழைத்தான். பிறகு பகடையை உருட்டினான். ஒன்று.

"மேஜை விளிம்புல தட்டிப்போச்சுடே, நான் பாத்தேன். இன்னொருக்க உருட்டு." வினீத் பகடையை எடுத்து அவனிடம் நீட்டினான்.

மஹேஷ் நோட்டில் ஒரு வரி எழுதி அவன் பக்கம் தள்ளினான்: 'ஆஸ்பத்திரியிலயும் வீட்லயும் கேக்கற பொய் போதும். இங்கயும் வேண்டாம்.'

கோல் பொடிப்பொடியாய் உதிர்ந்ததை வினீத் சொன்னான்.

அதன்பின் எட்டு ஞாயிறு. மந்திரவாதி மற்றவர்களுக்குப் பந்தம் பிடித்துக்கொண்டு பின்னால் நடந்தான். கடைசி இரண்டு வாரம் மஹேஷால் படியேற முடியவில்லை. அஜீஷ் தூக்கிக்கொண்டு வந்தான். ஆகஸ்டில் மஹேஷ் இறந்துபோனான்.

பதினாறாம் நாள் கழிந்து வினீத் அவன் வீட்டுக்குப் போனபோது, மஹேஷின் மனைவி ஆதிரா கேட்டாள்: "அண்ணா, கதையில அவரு கடைசியா எங்க இருந்தாரு?"

"குகைக்குள்ளதான்மா. வெளிய வாற வழி கிட்டல."

"வெளிய கொண்டு விட்டிருக்கலாமே."

விட்டிருக்கலாம். கதை வினீத்துடையது, ஒரு வாக்கியம் போதும். அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம் என்றுதான் எட்டு ஞாயிறும் நினைத்தான்.