பதினெட்டு வீட்டு நட்சத்திரம்

ஆரோக்கியசெல்வி அழவில்லை என்பது சேலத்து மலையில் வெள்ளக்கடைப் பக்கத்துக் காப்பி எஸ்டேட் லைன் வீடுகளில் அந்த வருஷம் முழுக்கப் பேச்சாக இருந்தது. பிப்ரவரி மாதம் குப்பனூர் ரோட்டில் மூடுபனியில் பைக்கோடு விழுந்து, அவளுடைய ஒரே மகன் ஜெப்சன் இருபத்து நாலு வயதில் போய்விட்டான். அடக்கத்தன்று வந்தவர்களுக்குக் காப்பி போயிற்றா என்று விசாரித்துக்கொண்டிருந்தாள். நாலாம் நாள் வேலைக்குக் கிளம்பிவிட்டாள். கல்நெஞ்சுக்காரி என்று ரெண்டு பேர் சொன்னார்கள். அழுதுவிட்டால் தேவலை, உள்ளேயே வைத்துக்கொண்டிருந்தால் ஆளையே கொன்றுவிடும் என்று மற்றவர்கள் சொன்னார்கள். அவள் கணவர் பாக்கியநாதன் அந்த எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டர். அவரும் அதற்குத்தான் பயந்தார், வாய்விட்டுச் சொல்லவில்லை.

ஏன் அழவில்லை என்று அவளையே கேட்டிருந்தாலும் சொல்லத் தெரிந்திருக்காது. சோற்றில் உப்பில்லை என்பது தெரியவில்லை. காப்பிப் பழம் பறிக்கும்போது காலில் அட்டை ஏறிக் குடித்துவிட்டுத் தானாக விழுந்த பிறகுதான் ரத்தத்தைப் பார்ப்பாள். பல்லுக்கு ஊசி போட்ட பிறகு கன்னம் இருக்குமே, அப்படி இருந்தது அவளுக்கு, உடம்பு மனசு எல்லாமே.

பத்து மாதமாக யாரும் அவளிடம் மகனின் பெயரைச் சொல்லவில்லை. இந்த மலைச் சனங்களுக்கு இங்கிதம் அதிகம். "தம்பி போனதுக்கு அப்புறம்" என்பார்கள், "அந்தப் பிரச்சனைக்கு அப்புறம்" என்பார்கள், ஒரு மகராசி "பிப்ரவரிக்கு அப்புறம்" என்றுகூடச் சொன்னாள். ஜெப்சன் என்ற நாலு எழுத்தைச் சுற்றி எல்லோரும் குழியைச் சுற்றிப் போவது போலப் போனார்கள். பாக்கியநாதனும் "அவன்" என்றே சொன்னார். பூசையில் இறந்தவர்களுக்காக வேண்டும்போது சாமியார்தான் அந்தப் பெயரை வாசித்தார். அதுவும் மைக்கில், மற்ற ஆறு பெயர்களோடு சேர்ந்து வந்தது.

நவம்பர் பிறந்ததும் அவள் கைகள் தானாகச் சில்வர் ஓக் இலை பொறுக்க ஆரம்பித்தன.

அது இருபத்தைந்து வருஷத்துப் பழக்கம். கல்யாணமாகி இந்த லைனுக்கு வந்த முதல் கிறிஸ்துமஸுக்கு, பாக்கியநாதன் ஒண்டிக்கடை பஜாரில் ஒரு காகித நட்சத்திரம் வாங்கி வந்தார். டிசம்பர் பனியில் அது இரண்டே நாளில் ஊறிப்போய், மூன்றாம் நாள் கந்தலாகத் தொங்கியது. இன்னொன்று வாங்கக் கையில் காசில்லை. செல்வி வாசலில் உட்கார்ந்து யோசித்தாள். எதிரே காப்பிக்கு நிழலாக நிற்கும் சில்வர் ஓக் மரங்கள் இலையைக் கொட்டிக்கொண்டிருந்தன. காய்ந்த இலை மேலே பழுப்பு, அடியில் வெள்ளி. பனி பட்டாலும் அந்த வெள்ளி போவதில்லை. மூங்கில் சிம்பு ஐந்தைக் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டி, மைதாப் பசையில் பூஞ்சை பிடிக்காமலிருக்க மயில்துத்தம் ஒரு சிட்டிகை போட்டுக் கிண்டி, வெள்ளிப்பக்கம் வெளியே தெரிய இலையை ஒட்டினாள். உள்ளே ஒரு பல்பைத் தொங்கவிட்டதும் லைன் முழுக்க வந்து பார்த்தது. அடுத்த வருஷம் மூன்று வீட்டுக்காரர்கள் கேட்டார்கள். அதற்கப்புறம் பதினெட்டு வீடும் கேட்டது.

பிறகு அதோடு ஒவ்வொன்றாகச் சேர்ந்தது. கவாத்து வெட்டிப் போட்ட காப்பிக் கிளையைச் சுண்ணாம்பில் முக்கி எடுத்தால் வீட்டுக்குள் வைக்க ஒரு மரம். அதில் பனிக்கு இலவம்பஞ்சு. கிறிஸ்துமஸ் குடிலுக்கு அடியில் பரப்ப ஆலையில் கொட்டிக் கிடக்கும் காப்பித் தொலி. ஒரு வீட்டுக்கு வேண்டியது எல்லாம் சேர்த்து ஒரு கிலோ சர்க்கரை விலைக்கு மேல் அவள் வாங்கியதில்லை. இல்லாதவர்களிடம் அதுவும் கேட்டதில்லை.

ஜெப்சன் தலையெடுத்ததும் மூங்கில் கட்டுவது அவன் வேலையாயிற்று. வாழை நாரை நனைத்து, ஈரத்தோடு இழுத்துக் கட்டுவான். காய்ந்தால் நார் சுருங்கி முடிச்சு கல்லாகிவிடும். இலையைத் தகடாக்குவதிலும் அவனுக்குப் பங்கு உண்டு. பொறுக்கிய இலையைப் பாய்க்கு அடியில் பரப்பி, ஒரு வாரம் அதன்மேல் படுத்துத் தூங்க வேண்டும். ராத்திரியெல்லாம் மொறுமொறு என்கிறது என்று சண்டை பிடித்துக்கொண்டே படுப்பான்.

இந்த வருஷமும் செல்வி மூன்று பாய்க்கு அடியிலும் இலை பரப்பினாள். எட்டு நாள் கழித்து எடுத்தபோது இரண்டு பாயில் இருந்தவை தகடாக இருந்தன. மூன்றாவது பாயில் இருந்தவை போட்டபடியே சுருண்டு கிடந்தன. அப்புறம் அரிசி மூட்டையை இழுத்து அதன்மேல் வைத்துவிட்டு வேலைக்குப் போனாள்.

முடிச்சுகளையும் அவளே போட்டாள். பதினெட்டு நட்சத்திரம் ஆயிற்று.

துக்கம் நடந்த வீட்டில் வருஷ நினைவுப் பூசை முடியும்வரை நட்சத்திரம் கட்டுவதில்லை, குடில் வைப்பதில்லை. அதை அவள் மீறப்போவதில்லை, தன் வீட்டுக்கென்று ஒன்றும் செய்யவில்லை. ஊராருக்குச் செய்து கொடுக்கலாமா கூடாதா என்று மட்டும் யாருக்கும் தெரியாது. நட்சத்திரம் செய்கிற வீட்டிலேயே துக்கம் வரும் என்று யார் நினைத்துப் பார்த்தார்கள்?

ஆர்டர் கொடுப்பது என்ற வழக்கம் அங்கே கிடையாது. கிறிஸ்துமஸுக்கு நாலு வாரம் முன்னால், திருவருகைக் காலத்து முதல் ஞாயிறு, பூசை முடிந்து நேராக அவள் வீட்டுக்கு வந்து அவரவருக்குப் பிடித்ததை எடுத்துக்கொண்டு போவார்கள். செல்வி எல்லாவற்றையும் சுவரோரம் அடுக்கி, வாசலைப் பெருக்கி வைத்தாள். யாரும் வரவில்லை. பனி அதிகமாக இருந்ததால் வரவில்லை என்று நினைத்துக்கொண்டாள். இரண்டாம் ஞாயிறும் யாரும் வரவில்லை.

திங்கட்கிழமை கண்ணாயி வந்தாள். லைனுக்கு மேலே சொந்தக் காட்டில் சாமையும் காப்பியும் போட்டிருக்கிற மலைக்காரி, வருஷா வருஷம் செல்விக்கு மூங்கில் வெட்டித் தருகிறவள். சுற்றி வளைத்துப் பேச அவளுக்கு வராது. எல்லோரும் சேலத்திலிருந்து பிளாஸ்டிக் நட்சத்திரம் வாங்கி வந்து பத்து நாளாகிறது, கட்டிக்கூட விட்டார்கள், செல்வி வருகிற வழியில் கண்ணில் படக்கூடாதென்று வீட்டுப் பின்பக்கமாகக் கட்டியிருக்கிறார்கள் என்று போட்டு உடைத்தாள்.

"உங்ககிட்ட வந்து கேக்கறதுக்கு அவங்களுக்கு நாக்கு வரலீங்க. துக்க ஊட்டுல போயி எப்படிக் கேக்கறதுன்னு அல்லாரும் கூடிப் பேசித்தான் முடிவு பண்ணுனாங்க" என்றாள் கண்ணாயி.

கூடிப் பேசி முடிவெடுத்தவர்களில் ஒருவருக்கும் அவளையே ஒரு வார்த்தை கேட்கலாம் என்று தோன்றவில்லை பாருங்கள். அன்பு அப்படி முட்டிக்கொண்டு நின்றது. செல்விக்குக் கோபம் வந்திருக்க வேண்டும், வருத்தமாவது வந்திருக்க வேண்டும். ஒன்றும் வரவில்லை. சரிங்க என்றாள். கண்ணாயிக்குக் காப்பி போட்டுக் கொடுத்தாள்.

சனிக்கிழமை அரை நாள் வேலை முடிந்து வந்ததும், நட்சத்திரமெல்லாம் வீட்டில் இடத்தை அடைக்கிறதே, வெந்நீர் அடுப்புக்கு எரிக்கலாம் என்று அவளே சொன்னாள். பாக்கியநாதன் பதறிப்போனார். அடுத்த வருஷத்துக்கு வைக்கலாமே என்றார். பூச்சி அரிச்சுடும் என்றாள். முதல் நட்சத்திரத்தை முழங்காலில் வைத்து ஒடித்தாள். ஈர நாரில் போட்ட முடிச்சு, லேசில் விடவில்லை. தீயில் போட்டதும் இலைகள் படபடவென்று பொரிந்தன. இரண்டாவதைப் போட்டாள். மூன்றாவதையும் போட்டாள். பாக்கியநாதன் வாசற்படியில் உட்கார்ந்து அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"செல்வி, ஒருக்கா அழுதுடேன். எனக்கு நொம்பப் பயமா இருக்குது" என்றார்.

"வர மாட்டேங்குதுங்க. நான் என்ன பண்ணட்டும்" என்று சொல்லிவிட்டு, அண்டாவில் ஊற்றத் தண்ணீர் போதாதென்று குடத்தை எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.

குழாய் லைனின் கடைசியில் இருக்கிறது. கடைசி வீடு பிரிஸ்கில்லாவுடையது. கல்யாணமாகி மூன்று வருஷமான பெண், செல்வியை அத்தை என்று கூப்பிடுவாள். அவள் வாசலில், நேற்று இல்லாத ஒரு நட்சத்திரம் தொங்கியது. பிளாஸ்டிக் இல்லை. இலை.

செல்வி குடத்தைக் கீழே வைத்தாள்.

அதை நட்சத்திரம் என்று சொல்லப் பெரிய மனசு வேண்டும். ஒரு கால் தொங்கிப்போயிருந்தது, இன்னொன்று சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டிருந்தது. இலையைப் பழுப்புப்பக்கம் வெளியே வைத்து ஒட்டியிருந்ததால் மொத்தமும் குப்பை கூட்டி ஒட்டியது போல இருந்தது. முடிச்சு தையல் நூலில் போட்டது, பனியில் நெகிழ்ந்து அவிழ்ந்துகொண்டிருந்தது. செல்விக்கு என்னவோ வந்தது. அது கோபம் என்று புரியவே அவளுக்குச் சற்று நேரம் பிடித்தது. கேட்காமல் திண்ணையில் ஏறி அதை அவிழ்த்து எடுத்தாள். சத்தம் கேட்டுப் பிரிஸ்கில்லா வெளியே வந்து, ஆளைப் பார்த்ததும் வெளிறிப்போனாள்.

"யாரு கட்டுனது இது?"

"நாந்தானுங்க அத்தை. பிளாஸ்டிக் எனக்குப் புடிக்கலீங்க. உங்ககிட்ட கேக்கக் கூடாதுன்னு அல்லாரும் சொன்னாங்க. பாத்த ஞாபகத்துல நானே..."

"என்னத்தப் பாத்த? நாரை நனைச்சியா? வெள்ளிய உள்ள வெச்சு ஒட்டியிருக்கற, கண்ணு இருக்குதா இல்லியா உனக்கு?" குரல் லைன் முழுக்கக் கேட்டது. கதவுகள் திறந்தன. "மூணு வருசமா உன்ற கண்ணு முன்னாடிதான கட்டுனான் ஜெப்சன்? ஜெப்சன் போட்ட முடிச்சு என்னைக்காச்சும் இப்படி அவுந்திருக்குதா?"

அந்தப் பெயர் தன் வாயிலிருந்து வந்ததைச் செல்வியே அப்போதுதான் கேட்டாள்.

பேச்சை மாற்றுவதற்கு அதுதான் நேரம், ஊர்ப் பழக்கப்படி. பிரிஸ்கில்லாவுக்குப் பயத்தில் அந்தப் பழக்கமெல்லாம் மறந்துபோயிற்று. பள்ளிக்கூடத்தில் டீச்சர் கேட்டதற்குப் பதில் சொல்வது போல உள்ளதைச் சொன்னாள்.

"இல்லீங்க அத்தை. ஜெப்சன் அண்ணன் கட்டுனா அசையாதுங்க."

செல்வி வாசற்படியில் உட்கார்ந்தாள். அந்தக் கோணல் நட்சத்திரம் மடியில் கிடந்தது. அவள் கை அதன் நூல் முடிச்சை அவிழ்த்துக்கொண்டிருந்தது, கண்ணில் தண்ணீர் இறங்கிக்கொண்டிருந்தது, அதைத் துடைக்க வேண்டுமென்று அவளுக்குத் தோன்றவில்லை. பாக்கியநாதன் ஓடி வந்து பத்தடி தூரத்தில் நின்றுவிட்டார்.

"இன்னொருக்கா சொல்லு, கண்ணு" என்றாள் செல்வி.

"ஜெப்சன் அண்ணனுங்க" என்றாள் பிரிஸ்கில்லா.

"இன்னொருக்கா."