ஜமால் பாய் பேசாமல் விட்ட எபிசோடு

குணசேகரன் போன் செய்தபோது நான் பிரஸ்ஸில் மெஷினுக்கு அடியில் படுத்திருந்தேன். கையெல்லாம் கிரீஸ். "ஜமால் பாய் போயிட்டாருப்பா" என்றான்.

"எந்த யூனிட்ல?" என்று கேட்டேன். பட்டாசு போர்மேன் ஒருவர் இறந்தார் என்றால் எங்கள் பக்கத்தில் எல்லோர் வாயிலும் முதலில் அதுதான் வரும்.

"யூனிட்ல இல்ல. வெம்பக்கோட்டையில பஸ்ஸுக்கு நின்னிருக்காரு. நெஞ்சு அடைக்குதுன்னு உக்காந்தாராம். அம்புட்டுதான்."

முப்பத்தாறு வயது. பதினான்கு வருஷம் பட்டாசு மருந்துக்கு நடுவிலேயே வேலை பார்த்தவர். உடம்பில் ஒரு தீக்கொப்புளம் கிடையாது. பஸ் ஸ்டாப்பில் போய்விட்டார்.

நம் கூட்டத்தில் யாராவது அவரைப் பற்றி எழுத வேண்டும் என்று ராஜேஸ்வரி டீச்சர் சொன்னதும், நான் எழுதுகிறேன் என்று முந்திக்கொண்டேன். பாசத்தில் முந்தவில்லை. அவர் பெயரில் மூன்று வருஷமாக ஒரு பழி இருக்கிறது. உங்களில் முக்கால்வாசிப் பேர் அதை நம்புகிறீர்கள். அந்தப் பழி என்னுடையது. அழகாக எழுத எனக்கு வராது. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

பிறகு வந்து சேர்ந்தவர்களுக்காகக் கொஞ்சம் முன்கதை. விருதுநகரில் குணசேகரனின் கம்ப்யூட்டர் சென்டரில் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு அந்தப் பழைய விண்கப்பல் தொடரைப் பார்க்க ஆரம்பித்தபோது நாங்கள் நான்கே பேர். குணா, பள்ளிக்கூடத்தில் பிசிக்ஸ் எடுக்கிற ராஜேஸ்வரி டீச்சர், நான், ஜமால் பாய். சென்னையிலிருந்து வந்த விசிடிகள், பாதிக்குப் பாதி கீறல். இங்கிலீஷ் வசனம் புரியாத இடத்தில் டீச்சர் நிறுத்தி விளக்குவார். ஒரு எபிசோடு முடிந்தால் அதைப் பற்றி இரண்டு மணி நேரம் சண்டை.

முதல் நாளே ஜமால் பாய் ஆரம்பித்துவிட்டார். கப்பல் ஆடும்போதெல்லாம் மாலுமிகளுக்கு எதிரே இருக்கிற பலகையில் பொறி பறக்கும் இல்லையா? அதைப் பார்த்து, "ஏலே இன்ஜினியரு, வாரா வாரம் அதே பலகையிலதான் பொறி பறக்குது. இவனுக கப்பல்ல ஃபியூசுன்னு ஒண்ணு கிடையாதா? எங்க முதலாளியே இதைவிட ஒழுங்கா வயரிங் பண்ணியிருக்காரு" என்றார். நான் படித்தது பிரிண்டிங் டெக்னாலஜியில் டிப்ளமோ. இன்ஜினியர் என்று அவர் கூப்பிட்டது கிண்டல்தான். எனக்குக் கோபம் வரும். வருவது தெரிந்தே கூப்பிடுவார்.

அவர் பி.எஸ்சி. கெமிஸ்ட்ரி. வீட்டில் எல்லோரும் பஜாரில் ஜவுளி வியாபாரம் பார்க்க, அவர் மட்டும் ஏழாயிரம்பண்ணைப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனிக்குப் போர்மேனாகப் போனார். அங்கே அறைகள் தள்ளித் தள்ளி இருக்கும். ஒரு அறையில் நான்கு பேருக்கு மேல் உட்காரக் கூடாது. எதிரெதிராக இரண்டு கதவு, இரண்டும் வெளிப்பக்கம் திறக்க வேண்டும். இதைப் பார்ப்பதுதான் அவர் வேலை. நாள் முழுக்க அறை அறையாகத் தலை எண்ணிக்கொண்டு நடப்பார்.

நம் எல்லோருக்கும் பிடித்த எபிசோடு எது என்று கேட்டால் ஒரே பதில்தான் வரும்: கதவு எபிசோடு. கப்பலின் அடித்தளத்தில் விஷவாயு கசிகிறது. உள்ளே ஐந்து பேர். கதவை உடனே மூடினால் கப்பல் பிழைக்கும். காத்திருந்தால் ஐந்து பேரும் வெளியே வரலாம், அல்லது எல்லோருமே சாகலாம். கேப்டன் மூடச் சொல்கிறார். கதவு மூடும்போது அட்டைச் சுவர் லேசாக ஆடும். அதைப் பார்த்தும் நமக்குச் சிரிப்பு வராது. உள்ளேயிருந்து தட்டுகிற சத்தம் அப்படி.

கேப்டன் செய்தது சரி என்பது என் கட்சி. கப்பலில் இருக்கிற நானூறு பேர் பெரியதா, ஐந்து பேர் பெரியதா, இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்று கத்துவேன். டீச்சர் கண் கலங்கிப்போய், "மனுசனா அவன்?" என்பார். ஜமால் பாய் முறுக்கைக் கடித்துக்கொண்டு கடைசியில்தான் வாயைத் திறப்பார்.

"கதவை மூடலாமா கூடாதான்னு ரெண்டு மணி நேரமா அடிச்சுக்கிறீக. ரெண்டு பேர் நிக்கிற எடத்துல அஞ்சு பேரை விட்டது யாரு? அதை ஒருத்தரும் கேக்கல. கதவுகிட்ட வந்தப்புறம் எது செஞ்சாலும் தப்புதான். தப்பு முன்னாடியே நடந்து போச்சு."

"கதையில அது இல்லையே பாய்" என்பேன் நான்.

"கதையில இல்ல. அதான் கதை எழுதுனவன் தப்பிச்சுட்டான்."

இந்தப் பேச்சு எனக்கு எரிச்சலாக இருக்கும். கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாமல் வேறு கேள்வி கேட்கிறார் என்று நினைப்பேன்.

இனி அந்த நாள். தீபாவளி சீசன். ஜமால் பாய் கம்பெனிக்கு லேபிள் அடித்துக் கொடுத்தது எங்கள் பிரஸ்தான். லேபிள் தீர்ந்து பேக்கிங் நிற்கிறது என்று காலையிலிருந்து போன் மேல் போன். டிரைவர் வரவில்லை. நானே லோடு ஆட்டோவை ஓட்டிக்கொண்டு போனேன். கேட்டோடு வண்டி நிற்க வேண்டும். அங்கிருந்து தள்ளுவண்டியில் பேக்கிங் ஷெட்டுக்குக் கொண்டுபோக வேண்டும். பாதி வழியில் தூறல் போட்டது. ஷெட் இன்னும் இருநூறு அடி தள்ளி. காகிதக்காரனுக்கு மழை வந்தால் காகிதம் தவிர வேறு ஒன்றும் கண்ணில் படாது. நனைந்த லேபிள் சுருண்டுவிடும், அத்தனையும் வீண். பக்கத்தில் ஒரு அறைக்குத் தாழ்வாரம் இருந்தது. கதவு சாத்தியிருந்தது. ஆள் இல்லாத அறை என்று நினைத்தேன். ஆறு லேபிள் கட்டுகளையும் இறக்கி, கதவை ஒட்டி அடுக்கினேன். ஒவ்வொரு கட்டும் முப்பது கிலோவுக்குக் குறையாது. சலானில் கையெழுத்து வாங்க ஆபீசுக்கு ஓடினேன்.

அது புஸ்வாணத்துக்கு மருந்து செலுத்துகிற அறை. சாரல் மருந்தில் படக்கூடாது என்று உள்ளே இருந்தவர்கள் கதவை இழுத்துச் சாத்தியிருக்கிறார்கள். உள்ளே மூன்று பெண்கள், ஒரு ஆண். எதிர்க் கதவைச் சாத்துவதற்குள் அது வழியாக நாலு சொட்டு உள்ளே விழுந்துவிட்டது. அலுமினியப் பொடி கலந்த மருந்தில் ஈரம் பட்டால் அது தானாகவே சூடேறும். எதிர்க் கதவுப் பக்கம் இருந்த மருந்துத் தட்டு புகைய ஆரம்பித்தது. அந்தப் பக்கம் போக முடியாது. இந்தப் பக்கக் கதவைத் தள்ளினால் நகரவில்லை.

சத்தம் கேட்டு நான் ஆபீஸ் வாசலுக்கு வந்தேன். ஜமால் பாய் ஏற்கெனவே அங்கே இருந்தார். கட்டுகளை இழுத்து இழுத்துப் பின்னால் எறிந்துகொண்டிருந்தார். முப்பது கிலோ கட்டைத் தலையணை மாதிரி எறிந்தார். கதவு உள்ளிருந்து இடிபட்டுக்கொண்டே இருந்தது. "தள்ளாதீக! ஒரு நொடி தள்ளாதீக!" என்று கத்தினார். நாலாவது கட்டு நகர்ந்ததும் கதவு பாதி திறந்தது. ஒருவர் பின் ஒருவராகப் பக்கவாட்டில் நுழைந்து வெளியே வந்தார்கள். கடைசியாக வந்தவர் பாண்டியம்மாள். அவர் இடது கை இன்னும் உள்ளே இருந்தபோது தட்டு பற்றியது. ஜமால் பாய் அவரை இழுத்துக்கொண்டு தரையில் விழுந்தார். நாலு எட்டு உருண்டிருப்பார்கள். அறை போய்விட்டது. கூரைத் தகடு வேலிக்கு அந்தப் பக்கம் விழுந்தது.

நான் அவ்வளவு நேரமும் ஆபீஸ் வாசலில் நின்றேன். கையில் சலான்.

உயிர்ச் சேதம் இல்லை. பாண்டியம்மாளுக்கு முழங்கை வரை வெந்துவிட்டது. அரை மணி நேரத்தில் ஊரே கேட்டுக்கு வந்தது. பாண்டியம்மாளின் தம்பி கையில் விறகுக் கட்டை. "கதவுல லேபிள் கட்டுகளை அடுக்குனவன் எவன்? அவனை வெளிய விடு" என்று சத்தம். முதலாளி வந்து நனைந்து கிடந்த லேபிளைக் காலால் தள்ளி, "இதை இங்கன இறக்கச் சொன்னது யாரு?" என்றார்.

ஜமால் பாய் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

"நாந்தான். மழை வந்துச்சு. இங்கன இறக்குன்னு சொன்னேன்" என்றார்.

பாண்டியம்மாளின் தம்பி அவரைக் கன்னத்தில் அறைந்தான். கட்டையால் அடிக்கவில்லை. கட்டையைக் கீழே போட்டுவிட்டுக் கையால் அறைந்தான். பத்து வருஷமாகத் தன் அக்கா தலையை எண்ணிய மனிதர் என்ற ஞாபகம் அவனுக்கு இருந்திருக்க வேண்டும். ஜமால் பாய் கன்னத்தைத் தொடக்கூட இல்லை. என் பக்கம் திரும்பி, "நீ வண்டியை எடு. போ" என்றார். போனேன்.

அவருக்கு அன்றே வேலை போயிற்று. ஐந்து மாதம் எந்தக் கம்பெனியும் எடுக்கவில்லை. பிறகு வெம்பக்கோட்டைப் பக்கம் ஒரு சின்ன யூனிட்டில், குறைந்த சம்பளத்துக்குச் சேர்ந்தார். நான் என்ன சொல்லிக்கொண்டேன் தெரியுமா? விதிப்படி அறைக்குப் பொறுப்பு போர்மேன்தானே, அவர் சொன்னது டெக்னிக்கலாகச் சரி. இதை எனக்கு நானே எத்தனை தடவை சொல்லியிருப்பேன் என்று எண்ணவில்லை.

அடுத்து நடந்தது உங்களில் பலருக்கு நேரிலேயே தெரியும். அவர் வேலையில்லாமல் இருந்த சமயம் கதவு எபிசோடை மறுபடி போட்டோம். கூட்டம் அதற்குள் பத்துப் பேராகியிருந்தது. ஜமால் பாய் வழக்கம்போல, "அஞ்சு பேரை உள்ள விட்டது யாரு?" என்று ஆரம்பித்தார். குணா சிரித்துக்கொண்டே சொன்னான், "பாய், டிவியில இருக்கிற கதவையே பாத்துக்கிட்டு இருந்தா, கம்பெனிக் கதவை யாரு பாக்குறது?"

எல்லோரும் சிரித்தார்கள். டீச்சர் மட்டும் சிரிக்கவில்லை. குணாவைக் குறை சொல்ல மாட்டேன், அவனுக்குத் தெரிந்தது அவ்வளவுதான். ஜமால் பாய் மறுபடியும் என்னைப் பார்த்தார். கோபமாகப் பார்க்கவில்லை. பஸ் வருகிறதா என்று ரோட்டைப் பார்ப்பதுபோல் பார்த்தார். நான் எழுந்து போய் பிளேயரிலிருந்து விசிடியை எடுத்துத் துடைத்தேன். அதில் தூசி இல்லை.

அதற்குப் பிறகு அந்த எபிசோடைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசியதில்லை. மற்ற எல்லா எபிசோடுக்கும் சண்டை போட்டார். "வேற கிரகத்துக்காரன் எல்லாப் பயலும் எப்படிலே இங்கிலீசு பேசுறான்?" என்று டீச்சரை வம்புக்கு இழுத்தார். ஒரு ஞாயிறு விடாமல் வந்தார். அசிங்கப்படுத்திய கூட்டத்துக்கு ஏன் வந்துகொண்டே இருக்கிறார் என்று எனக்குப் புரியவில்லை. தொடர் மேல் அவ்வளவு பைத்தியம் என்று நினைத்தேன்.

போன வாரம் அவர் வீட்டுக்குப் போனேன். இதை எழுதுவதற்கு முன்னால் அவர் மனைவி மும்தாஜிடம் சொல்லிவிட வேண்டும் என்று பட்டது. கணவரை இழந்து சில நாட்களே ஆகியிருந்ததால் வெளி ஆண்கள் முன்னால் அவர் வருவதில்லை. அவருடைய அண்ணன் என்னோடு கூடத்தில் உட்கார்ந்திருக்க, அவர் உள் அறையிலிருந்து பேசினார். முகம் தெரியாதது எனக்கு வசதியாகத்தான் இருந்தது. ஒரே மூச்சில் சொன்னேன். லேபிள் கட்டுகளை அடுக்கியது நான். அவர் சொல்லி அடுக்கவில்லை.

உள்ளேயிருந்து, "தெரியும் தம்பி. அன்னைக்கு வீட்டுக்கு வந்ததுமே சொல்லிட்டாக" என்றார்.

"பிறகு ஏன் யார்கிட்டயும் சொல்லல?"

"நானும் கேட்டேன். அம்புட்டுக் கூட்டம் கட்டையோட நிக்கையில உங்க பேரைச் சொல்லியிருந்தா உங்களை உயிரோட விட்டிருக்க மாட்டாகன்னு சொன்னாக. சரி, கூட்டம் கலைஞ்சிருச்சுல்ல, இப்பச் சொல்லுங்கன்னேன். 'நான் சொன்னா அது கோள். அவனே சொல்லுவான்'னாக."

உள் அறையிலிருந்து அவர் தொடர்ந்தார்.

"ஞாயித்துக்கிழமை உங்க கூட்டத்துக்குப் போயிட்டு வந்ததும் கேப்பேன், சொல்லிட்டாரான்னு. 'இல்ல. எல்லாத்துலயும் அவசரக்காரன், இதுல மட்டும் நிதானமா இருக்கான்'னு சிரிப்பாக. பெறகு சாப்பிட உக்காருவாக. கடைசி ஞாயித்துக்கிழமையும் கேட்டேன் தம்பி."

அவருடைய அண்ணன் டீயை என் பக்கம் நகர்த்தினார். அதை அப்படியே விட்டுவிட்டு எழுந்தேன்.

அந்தப் பட்டாசுக் கம்பெனி முதலாளியிடம் நேற்றுப் போய்ச் சொல்லிவிட்டேன். அவர் என்னை ஒரு கேள்வியும் கேட்கவில்லை, வெளியே போகச் சொன்னார். நாளைக் காலை பாண்டியம்மாள் வீட்டுக்குப் போகிறேன். அங்கே அவர் தம்பியும் இருப்பான். என்ன செய்வான் என்று தெரியாது, எதுவானாலும் வாங்கிக்கொள்வேன். உங்களிடம் இப்போது சொல்லியாயிற்று. குணா, நீ அன்று சிரித்ததற்கு வருத்தப்படாதே. என்னைப் பார்த்துச் சிரிக்க வேண்டியது, ஆள் மாறிப்போனது.

ஜமால் பாயிடமிருந்து என்ன வைத்துக்கொண்டிருக்கிறாய் என்று கேட்டால், அவர் எனக்காகக் காத்திருந்த நூற்றைம்பது ஞாயிற்றுக்கிழமைகள். ஒவ்வொன்றிலும் அவரிடமிருந்து இரண்டு நாற்காலி தள்ளித்தான் உட்கார்ந்திருந்தேன்.