வெள்ளிக்கிழமை அஞ்சு நிமிஷம்

மூணு மாசத்துல நாலாவது தடவையா கார் பேட்டரி படுத்துருச்சு. தள்ளிவிடச் சொல்லி பக்கத்து வீட்டுக்காரரைக் கெஞ்சிக் கெஞ்சி எனக்கு அலுத்துப்போச்சு. கோச்சடையிலருந்து கோரிப்பாளையம் போயி, ஒரு பேட்டரிக் கடையில சார்ஜர் கேட்டேன்.

"வண்டிய எம்புட்டு ஓட்டுவீங்கண்ணே?"ன்னு கடைக்காரர் கேட்டார்.

"ஓட்டுறதே இல்ல. வெள்ளிக்கிழமை வீட்டம்மா சூடம் காட்டுவா. நான் அஞ்சு நிமிஷம் ஸ்டார்ட் பண்ணி வச்சுட்டு நிப்பாட்டுவேன்."

அவர் சிரிச்சுட்டார். "அந்த அஞ்சு நிமிஷந்தாண்ணே பேட்டரிய கொல்லுது. ஸ்டார்ட் பண்ண இழுத்த கரண்டுகூட திரும்ப ஏறாது."

எனக்குச் சுருக்குன்னு கோவம் வந்துச்சு. ஒரு வாரம்கூடத் தவறாம இதைச் செஞ்சவன் நான்.

அவர் ரெண்டு மெஷினை எடுத்து வச்சார். ஒண்ணு, சார்ஜ் ஏறுனதும் நாமளே கழட்டணும். இன்னொண்ணு மாட்டுனபடியே கிடக்கும், நிறைஞ்சதும் தானா அடங்கிக்கும். மாட்டிக் கழட்டுறதுக்கெல்லாம் எனக்குத் தெம்பில்ல. ரெண்டாவதைக் கேட்டேன்.

"இது எதுக்குண்ணே? வாரத்துல ஒரு நாள் அரை மணி நேரம் ஓட்டுனாலே போதுமே."

"கேட்டதைக் குடுங்க"ன்னு எரிஞ்சு விழுந்தேன்.

அப்பாவை டயாலிசிஸுக்குக் கூட்டிட்டுப் போறதுக்காக வாங்குன வண்டி அது. அவர் போய்ச் சேர்ந்த பிறகும், ஸ்டீயரிங்கைப் பிடிச்சா கை ஆஸ்பத்திரி ரோட்டுக்குத்தான் திருப்புது.