சேறு ஏறிய உயரம்

மலேசியாவில் சபாக் ஊருக்குப் பக்கத்தில், எண்ணெய்க்காகச் செம்பனை வளர்க்கும் ஒரு தோட்டத்தில் மழை அளந்து கணக்கெழுதும் கிராணி அவர். ஒல்லியான உடம்பு, முழங்கால் வரை பூட்ஸ், தூக்கம் போதாத கண்கள். மழைமானியைப் பார்ப்பதற்கு முன்பே, அது நிற்கும் வெள்ளைக் கட்டையின் அடியில் குந்தி, சேறு எவ்வளவு உயரம் தெறித்திருக்கிறது என்று சாணால் அளப்பார். பிறகு ஈரத்துணியால் துடைத்துவிடுவார்.

பக்கத்திலேயே துளியின் பருமனையும் மழையின் வேகத்தையும் பதியும் லேசர் கருவி ஒன்றை எங்கள் கம்பெனி வைத்திருந்தது. மாதம் ஒருமுறை அதன் பதிவை எடுத்துப் போவது என் வேலை.

அன்று அவர் கட்டையைத் துடைக்கவில்லை.

“முந்தாநாளும் பன்னெண்டு மில்லி, நேத்தும் பன்னெண்டு மில்லி. ஆனா நேத்து கால் மணி நேரத்துல பெரிய பெரிய துளியா கொட்டிடுச்சி தம்பி. போட்ட உரமெல்லாம் கால்வாய்க்குப் போயிடுச்சி. உரம் போடுற பொம்பளைங்க ஒழுங்கா போடலன்னு மானேஜர் ஏசுறாரு. உங்க மிஷின்ல அது தெரியுமா? தெரிஞ்சா மானேஜர்கிட்ட காட்ட ஒரு தாள் எடுத்துக் குடுங்க.”

தெரிந்தது. திரையில் தெளிவாகவே இருந்தது.

“தலைமை ஆபிஸ்ல கேக்காம குடுக்க முடியாதுண்ணே.”

“சரி லா,” என்றார். எனக்கு இன்னும் இரண்டு தோட்டங்கள் பாக்கி இருந்தன.

அடுத்த மாதம் போனபோது கட்டைக்குப் புதிதாக வெள்ளையடித்திருந்தார். ஒரு பக்கம் மட்டும், ஒன்றரைச் சாண் உயரத்துக்கு, அந்த மழையில் தெறித்த சேற்றை அப்படியே விட்டு மேலே பிளாஸ்டிக் தாளைக் கட்டியிருந்தார்.

தலைமை ஆபிஸில் நான் கேட்கவே இல்லை. கேட்டீர்களா என்று அவரும் கேட்கவில்லை.